பாதிக் கடல்

அக்டோபர் 14, செவ்வாய்

வீட்டுக்கு வந்தால் சைக்கிள் இல்லை. என் வீட்டுக்காரர் தமுவேராவின் சித்தப்பா வழிச் சொந்தம் ஒருவர் மத்தியானம் வந்து வாய்விட்டுக் கேட்டாராம், இவரும் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். சொந்தம் கேட்டு வாங்குகிற புபுசி என்று வந்துவிட்டால் அவ்வளவுதான். சொந்தக்காரர் முகத்துக்கு நேரே கேட்ட பிறகு இல்லை என்று சொல்லுகிற வாய் இந்தத் தராவாத் தீவில் எவருக்கும் கிடையாது. சொன்னால் அப்புறம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நானும் கேட்டு வாங்கியவள்தான், இந்த வீட்டுத் தகரக் கூரையில் பாதி அப்படி வந்தது. இருந்தாலும் சைக்கிள் போன அன்றைக்கே அதையெல்லாம் நினைத்துப் பார்க்க எனக்குப் பெரிய மனசு இல்லை.

வானொலியில் வழக்கம்போல் கடலேற்ற நேரம் வாசித்தேன். இத்தனை வருஷமாக வாசிக்கிறேனா, கடலுக்கு நான்தான் நேரம் குறித்துக் கொடுக்கிறேன் என்று ஊரில் கேலி. வடக்குப் பக்கத்து வீட்டுக் கபிரியேரா வலை காலியாக வரும் நாளில் என்னை வழிமறித்து, "அகோயாக்கா, நாளைக்காவது நல்ல நேரமாப் பாத்துக் குடு" என்பான்.

சாயங்காலம் காயலில் கால் நனைத்துக்கொண்டு நின்றேன். கடலைத் தடுக்க நாங்கள் கட்டிய சுவர் நன்றாக நிற்கிறது. அது முடிகிற இடத்தில், தெற்கே பக்கத்து வீட்டுத் தெபோராவின் பக்கம், மணல் கொஞ்சம் உள்வாங்கின மாதிரி இருந்தது. வெளிச்சத்தின் சேட்டையாக இருக்கலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

வெளிச்சத்தின் சேட்டை இல்லை.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. தண்ணீர் பாலாகக் கிடந்தது, காற்றே இல்லை. அப்படி ஒரு சாந்தத்தோடு அது மேலே மேலே வந்ததைப் பார்க்க எனக்குத் தூக்கம் வருவது போல் இருந்தது. எங்கள் சுவரில் வந்து முட்டியது, தயங்கியது, பிறகு சுவரோடு வழுக்கிக்கொண்டு தெற்கே போய் தெபோராவின் மணலில் மொத்தமாகப் புகுந்தது. அவளுடைய கறிப்பலா மரத்தின் வேர் இரண்டு வெளியே தெரிகிறது. இங்கே எங்கள் அடுப்பங்கரையில் ஒரு சொட்டு இல்லை.

தமுவேரா சுவர்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் வேலை செய்த மனுஷன், சுவரையும் கப்பல் விலா மாதிரிதான் கட்டியிருக்கிறார். சிமெண்ட் மகள் அனுப்பியது. நியூசிலாந்தில் ஆப்பிள் தோட்டத்தில் ஏணி ஏறி இறங்கி, தினாய் மூட்டை மூட்டையாக அனுப்பிவைத்தாள். இவர் அதை மணலோடு குழைத்து அரிசிச் சாக்குகளில் அடைத்தார், இடையிடையே கடலுக்குள் இருக்கும் திட்டிலிருந்து பெயர்த்த பவளக்கல். கல் எல்லாம் தெபோராவின் கரைக்கு எதிரே இருந்த திட்டிலிருந்துதான். அங்கேதான் பெரிய கல் கிடைக்கும். ஊரே அப்படித்தான் கட்டுகிறது.

தெபோரா இவருக்குப் பெரியப்பா மகள், தங்கை முறை. புருஷன் இல்லை, மகன் ஏதோ ஒரு சரக்குக் கப்பலில். சாலையோரம் மாவு உருண்டை பொரித்து விற்கிறாள். இன்றைக்கு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கோழிகளை மரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

நவம்பர் 6, வியாழன்

கனவில் கடல் வீட்டுக்கு வந்தது. ஈரக் காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றது. பாய் விரித்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏதாவது கேட்க வந்தாயா என்றேன். தலையை ஆட்டியது. என்ன என்று கேட்பதற்குள் தமுவேரா கள் இறக்கத் தென்னையில் ஏறிப் பாட ஆரம்பித்துவிட்டார், விழித்துக்கொண்டேன்.

கடல் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? சொந்தம்தானே. எவ்வளவு மீன் வாங்கியிருக்கிறோம்.

நவம்பர் 18, செவ்வாய்

வெளிநாட்டுப் படக்காரர்கள் வந்திருந்தார்கள். தெபோராவின் வேர்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். தமுவேரா இதற்காகக் காலையிலேயே குளித்து, பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் போய் நின்றார். சுவரையும் எடுப்பார்கள் என்று ஆசை. கேமராக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சிரித்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். இவர் தள்ளி நின்றார். கேமராவும் கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டது. சுவர் படத்தில் விழாதபடி.

என்னிடமும் பேட்டி. பெரிய நாடுகளின் புகை, எங்கள் கடல், எங்கள் பிள்ளைகள். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வானொலிக் குரலில் சொன்னேன், கூட வந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்னது பொய்யும் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தெபோராவிடம், உலகத்தைப் பார்த்து என்ன கேட்பீர்கள் என்று கேட்டார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன். அவள் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "அவங்க எனக்கு என்ன முறை? சொந்தமா பந்தமா? சொந்தம்னாதானே கேக்க முடியும்" என்றாள். அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், உலகம் உதவ வேண்டும் என்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

படுத்துக்கொண்டு அதையே நினைக்கிறேன். சொந்தம் என்றால் கேட்கலாம். நாங்கள் சொந்தம்தான். பக்கத்திலேயே இருக்கிறோம்.

நவம்பர் 22, சனி

ஊர்ப் பொதுக் கூடமான மனேபாவில் கூட்டம். அந்தப் பெரிய கூரைக்குக் கீழே உட்கார்ந்தாலே எனக்குப் பாதி கனவு வந்துவிடும். புகையிலை வாசனை, பாயின் குளிர்ச்சி, ஒருவர் பேச்சு முடிந்து அடுத்தவர் தொடங்குவதற்குள் ஒரு கோழித்தூக்கம் போடலாம்.

அரசாங்கத்துப் பெண் ஒருத்தி வந்து சொன்னாள்: நேர்ச் சுவர் கட்டினால் அலை பக்கத்து நிலத்தைத் தின்னும், திட்டிலிருந்து கல் எடுக்காதீர்கள், கண்டல் செடி நடுங்கள். எல்லாரும் கைதட்டி அவளுக்கு மாலை போட்டு இளநீர் கொடுத்தார்கள். அவள் வண்டி ஏறியதும் பேச்சு ஆரம்பித்தது. நோவாவுக்குக் கடவுள் வானவில்லைக் காட்டிச் சத்தியம் பண்ணியிருக்கிறார், மறுபடி வெள்ளம் வராது என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர், எப்படியும் எல்லாரும் ஒருநாள் தீவை விட்டு விமானம் ஏறத்தான் போகிறோம், செடி நட்டு யாருக்கு என்றார். கபிரியேரா எழுந்தான். ஊரிலேயே நீளமான சுவர் அவனுடையது.

"புகை விட்டது அவங்க. நாம விட்டது அடுப்புப் புகை. அவங்க நிறுத்தட்டும், நானும் கல் எடுக்கறத நிறுத்தறேன்."

சிரிப்பு. நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் முதல் பாதி முழுக்க நியாயம், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நியாயம் நம் பக்கம் இருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

தெபோரா பெண்கள் வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.  எங்களைப் பார்க்கவே இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

தெபோரா வந்தாள். வாசலில் நின்றாள்.  கேட்டுவிடுவாள், சுவரை இடி என்று இப்போது கேட்டுவிடுவாள். உப்பு கேட்டாள்.

டிசம்பர் 3, புதன்

ஊசி கேட்டாள்.

டிசம்பர் 5, வெள்ளி

கத்திட்டேன். இவர் மேலதான், வேற யார் மேல கத்துறது.

இன்றைய ஏற்றத்தில் கறிப்பலா சாய்ந்துவிட்டது. விழவில்லை, காயல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. தெபோராவின் வீட்டுத் திண்ணை ஒரு மூலையில் தொங்குகிறது. இன்னொரு பௌர்ணமி வந்தால் மரம் போய்விடும், மரத்தின் வேரை நம்பி இருக்கிற அந்த மேடும் போய்விடும், அப்புறம் அவள் எங்கே போவாள்? மகனுக்குச் செய்தி அனுப்பி, அவன் மனைவியின் தீவில் ஒரு மூலை கேட்கப் போகிறாள் என்று சாலையில் சொல்லிக்கொள்கிறார்கள்.

இவரிடம் சொன்னேன். "நம்ம சுவர்தான். கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"அவளையும் ஒரு சுவர் கட்டச் சொல்லு."

"எதை வச்சுக் கட்டுவா? அவ வாசல்ல இருந்த கல்ல எல்லாம் நீங்க அள்ளியாச்சு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கேட்கட்டும், கேட்டால் நான் கொடுக்கமாட்டேன் என்றா சொல்வேன் என்றார். அதுவும் நியாயம். எல்லாரும் நியாயமாகவே பேசுகிறார்கள், மணல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

தினாயிடம் பேசினேன். அந்தப் படம் அவள் வேலை செய்கிற இடத்தில் யாருடைய போனிலோ வந்திருக்கிறது. எல்லாரும் கூடிப் பார்த்தார்களாம்.

"அத்தை மரத்தப் பாத்தேம்மா. ஏன் அத்தை எடம் மட்டும் அப்படி இருக்கு? நம்ம வீட்ட ஏன் காட்டல?"

கேமரா இந்தப் பக்கம் திரும்பவில்லை என்றேன்.  அவள் வேறு கதை சொன்னாள். கூட வேலை பார்க்கிற ஒரு பெண் படத்தைப் பார்த்து அழுதாளாம், இனிமேல் கடையில் பிளாஸ்டிக் பை வாங்கமாட்டேன் என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்.

"சிரிப்பு வந்துச்சும்மா. பைக்கும் அத்தை மரத்துக்கும் என்ன இருக்கு. அப்புறம் பாவமா இருந்துச்சு. அத்தை யாருன்னே அவளுக்குத் தெரியாது, ஆனாலும் நான் என்ன பண்றதுன்னு யோசிச்சா பாரு."

போனை வைத்த பிறகு வெகுநேரம் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் மழை ஒரு தீவை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெபோராவைத் தெரியும். அவள் உப்பு எங்கே வைப்பாள் என்றுகூடத் தெரியும். அவள் வீட்டில் உப்பு இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

தெபோராவின் வீட்டுக்குப் போனேன். மாவு பொரித்துக்கொண்டிருந்தாள், ஒன்றைக் கையில் கொடுத்தாள். சூடு. ஊதிக்கொண்டே கேட்டேன், ஏன் கேட்கமாட்டேன் என்கிறாய் என்று. எதை என்று அவள் கேட்கவில்லை. எண்ணெயில் மிதந்த உருண்டைகளைத் திருப்பிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"வாசல் வரைக்கும் வர்றேன் அண்ணி. ஆனா கேட்டா அண்ணன் குடுத்துடும். அது தினாய் கை. அந்தப் புள்ள ஏணி ஏறினது எல்லாம் அந்தச் சுவர்லதான் இருக்கு. அதக் கேளுன்னா எப்படிக் கேப்பேன்? அப்புறம் கடல் உங்க அடுப்புக்கு வரும். நானே கைய புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்ட மாதிரி ஆயிடும்."

 இந்த இரண்டு மாதமும் அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்து கிடந்தேன். தான் கேட்டுவிடக் கூடாதே என்று அவளும் பயந்து கிடந்திருக்கிறாள். உப்பு வாங்கி, ஊசி வாங்கி.

அப்போதுதான் அது வாயில் வந்தது. யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை, சத்தியமாக இல்லை. மாவு உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, முறைப்படி அவள் முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னேன்.

"தெபோரா, நான் புபுசி கேக்க வந்திருக்கேன். உன் கடல்ல எனக்குப் பாதி குடு."

அவள் கரண்டி நின்றுவிட்டது. உருண்டைகள் கருகின. எத்தனையோ பேர் எதை எதையோ கேட்டிருப்பார்கள், இதை யாரும் கேட்டதில்லை. ஆனால் கேட்டது சொந்தம். இல்லை என்று சொல்ல முடியாது. அவள் மேல்சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தாள், அடுப்புச் சூட்டினால் இருக்கலாம்.

"எடுத்துக்குங்க அண்ணி" என்றாள்.

டிசம்பர் 10, புதன்

இவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வெளியே போனார், திரும்ப வந்தார், மறுபடி வெளியே போனார்.

"ஒலகத்துல எவளாவது கடலக் கேட்டு வாங்குவாளா?"

வாங்கியாகிவிட்டது, அவள் கொடுத்துவிட்டாள், சுவர் நின்றால் அது எப்படி நம் பக்கம் வரும் என்றேன். கொடுத்ததை எடுத்து வராமல் அங்கேயே போட்டுவைத்தால் அது அவளுக்கு எப்பேர்ப்பட்ட அவமானம் என்று இவருக்குத் தெரியாதா. பெரியப்பா மகள். இவருக்கு முகம் எப்படியோ போய்விட்டது.

டிசம்பர் 12, வெள்ளி

பேச்சில்லை. சாப்பிடுகிறார், போகிறார். தென்னையில் ஏறினால் பாடவும் இல்லை. கள் இறக்குகிறவன் பாடிக்கொண்டு ஏறினால்தான் கீழே குளிக்கிற பெண்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரியும். இவர் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்திருக்க, கபிரியேராவின் மனைவி பார்த்துவிட்டு வாளியைத் தூக்கி எறிந்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வேதனை. இவ்வளவு பெரிய மனுஷன் மரத்து உச்சியில் ஊமையாக உட்கார்ந்து தன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் செய்தது சரியா? தெரியல. அடுப்பங்கரை போயிடும். தினாய்கிட்ட என்ன சொல்வேன்?

டிசம்பர் 14, ஞாயிறு

தினாயிடம் சொன்னேன்.  அழுதாள். "ரெண்டு வருஷம்மா" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுப்ப ஒசத்திக் கட்டச் சொல்லு அப்பாவ. அத்தைக்கும் ஒசத்திக் கட்டச் சொல்லு" என்றாள். இவர் பக்கத்திலேயே வலை பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

டிசம்பர் 16, செவ்வாய்

விடிகிற நேரத்தில் பாட்டுச் சத்தம். தென்னையிலிருந்து இல்லை, கரையிலிருந்து. போய்ப் பார்த்தால் இவர் கடப்பாரையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். சுவரின் தெற்கு முனையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். திட்டிவிட்டுத்தான் ஒவ்வொரு கல்லையும் தூக்கினார், தூக்கிய பிறகு பாடினார்.

முழுவதையும் இடிக்கவில்லை. பாதியை எடுத்துவிட்டு, மீதியைக் கரையோடு சரிவாகப் படுக்க வைக்கப்போகிறாராம். முட்டுகிற இடம் இல்லாவிட்டால் அலை இரண்டு பக்கமும் பரவி ஏறும், இரண்டு பக்கமும் கொஞ்சமாக. பவளக்கற்களைப் படகில் ஏற்றித் திட்டில் கொண்டுபோய் வைக்கிறார். கல்லைச் சும்மா கடலில் எறிந்தால் போதாதா என்றதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் கல்லை எங்கே எடுத்தேன் என்று எனக்குத் தெரியும் என்றார்.

டிசம்பர் 23, செவ்வாய்

ஊர் சிரிக்கிறது. பெரிய நாடெல்லாம் காலை நீட்டிப் படுத்திருக்க, தமுவேரா சுவரை இடிக்கிறான் என்று மனேபாவில் ஒரே பேச்சாம். கபிரியேரா தினம் ஒரு தடவை வந்து, கடப்பாரை போதுமா, அந்தக் கல்லை அமெரிக்காவுக்கு அனுப்ப கப்பல் பிடித்துத் தரட்டுமா என்று விசாரித்துவிட்டுப் போகிறான். இவரும், உன் சுவரையும் சேர்த்து அனுப்பினால் வாடகை மிச்சம் என்கிறார். இவர்கள் இரண்டு பேருக்கும் நன்றாகப் பொழுது போகிறது.

எனக்குத் தெரியும், இதனால் உலகத்துக் கடல் ஒரு விரற்கடை இறங்காது. தினாய் சொன்ன அந்தப் பெண்ணின் பையைப் போலத்தான். சண்டை போட வேண்டியவர்களோடு சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது, வானொலியில் நான் அதை விடப்போவதில்லை. ஆனால் அதைப் பேசும்போது இனி தெபோராவின் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

நானும் தெபோராவும் சுவர் இருந்த இடத்தில் கண்டல் குச்சிகள் ஊன்றினோம். பாதியை நண்டு வெட்டிவிட்டது. மறுபடி ஊன்றினோம்.

டிசம்பர் 31, புதன்

கனவில் கடல் மறுபடி வந்தது. இந்தத் தடவை பாயில் உட்கார்ந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 3, சனி

பௌர்ணமி. காலையில் வானொலியில் சாயங்கால ஏற்றத்தின் நேரத்தை இரண்டு தடவை வாசித்தேன், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையை உயரத்தில் ஏற்றினோம். அடுப்பை இவர் போன வாரமே ஒரு மேடை கட்டித் தூக்கி வைத்துவிட்டார். தெபோராவுக்கும் ஒன்று கட்டிக்கொடுத்தார். அவள் சாய்ந்த மரத்திலிருந்து ஒரு கறிப்பலாவைப் பறித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள், அதைச் சுட்டுத் தின்றோம். லேசாக உப்புக் கரித்தது. நான் போட்ட உப்பாகவும் இருக்கலாம்.

மாலையில் தண்ணீர் வந்தது. அவசரமே இல்லாமல், சரிவில் ஏறி, கண்டல் குச்சிகளைச் சுற்றிக்கொண்டு, முற்றம் முழுக்க வானத்தை விரித்துக்கொண்டு வந்தது. என் அடுப்பங்கரைக்குள் முதல் தடவையாக நுழைந்து விறகுச் சுள்ளி ஒன்றை மெல்லத் திருப்பிப் பார்த்தது. தமுவேரா காலைத் தூக்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தார். வடக்கே கபிரியேரா தன் சுவர்மேல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்குக் கேலி செய்யவில்லை.

தெற்கே தெபோரா தன் மரத்தடியில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து, தண்ணீருக்கு மேலே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"அண்ணி, உங்க பாதி வந்துச்சா?"

வந்துச்சு என்றேன். கணுக்கால் வரைக்கும்.